எழுநூற்று நாற்பத்து மூன்று

தடைக்காலத்தின் நாற்பதாவது நாள்.
மண்டபம் வடகடலில் படகுகள்
கயிறு விட்ட அளவுக்கு மட்டும் அசைகின்றன.
டோக்கன் ஆபீஸில் நான்,
கிளார்க் இபுராம்சா,
ஓடினால் சத்தம் நின்றால் வேர்வை என்று
ஒரு மின்விசிறி.

சொன்ன வேலை சின்னது.
படகு எண்ணைத் தட்டினால்
உரிமையாளர், இன்ஜின், டீசல் அட்டை
மூன்றும் வரவேண்டும்.
கையடக்கக் கருவியோ பழசு,
நினைவகம் ஒரு சாண்.
சிக்னல் வந்தால் வரும்.

ஒரு லைப்ரரியை எடுத்தேன்.
கட்டுவது ஒருமுறை,
அதன்பின் வாசிக்க மட்டும்.
சேர்க்க முடியாது. அழிக்க முடியாது.
ஓர் எழுத்தைத் திருத்தவேண்டுமா,
முதலிலிருந்து முழுதையும் கட்டு.
இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.
படகுகள் கரையோடு கிடக்கும் மே மாதத்தில்
யாருக்கும் பிடிக்கும்.

எழுநூற்று நாற்பத்து மூன்று படகு,
அத்தனையே இடம்.
ஓர் இடமும் காலியில்லை,
ஓர் இடத்திலும் இருவரில்லை.
கணக்கு தானே தேடிக்கொள்கிறது:
ஒரு விதை எண்ணை எடுக்கும்,
எல்லாப் படகையும் இறக்கிப் பார்க்கும்,
எங்கோ இரண்டு மூக்கு முட்டும்,
விதையைத் தூக்கி எறியும்.
பதினேழாவது விதையில்
எதுவும் எதையும் தொடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே அதே படகுகள்
அணியத்தோடு அணியம் உரசி நின்றன,
நடுவில் பழைய லாரி டயர்கள் நசுங்க.

"இல்லாத படகு ஒண்ணைக் கேப்போமா" என்று
கைக்கு வந்த எண்ணைத் தட்டினார் இபுராம்சா.
கருவி தயங்கவேயில்லை.
பா. ஜெஸிந்தா,
ஆறு சிலிண்டர்,
டீசல் அட்டை நடப்பில் உள்ளது.
"எண்ணு நான் இப்ப உண்டாக்குனதுப்பா."

உள்ளங்கை குளிர்ந்துவிட்டது எனக்கு.

ஹாஷ் யாரையும் திருப்பி அனுப்பாது.
எந்த எண்ணோடு போனாலும்
ஏதோவொரு கதவைக் கைகாட்டும்.
கதவுக்குப் பின்னால் கட்டாயம் யாரோ இருப்பார்.
அவர் பேரைக் கேட்டு
வந்த பேரோடு ஒப்பிடுவது நம் பாடு.
கையேட்டில் அது ஒரே வரி,
நான் தாண்டிப்போன வரி.

மதிப்போடு சாவியையும் சேர்த்து வைத்தேன்,
படகுக்குப் பதினைந்து எழுத்து கூடுதல்.
அதன்பின் அது "இல்லை" என்றது.
இபுராம்சா வரிசையாகப் பத்து பொய்ப் படகு கேட்டார்.
பத்து "இல்லை"க்கும் தலையாட்டினார்,
டீ சொல்லிவிட்டார்.

ஜூன் பதினைந்தில் எல்லாம் கடலுக்குப் போயின.

மாதக் கடைசியில் ஒரு மதியம்
ஜெஸிந்தாவே வந்து நின்றார்.
படகை உடைத்துப் பலகை விலைக்கு விற்றாயிற்றாம்,
இன்ஜின் தொண்டிக்குப் போய்விட்டதாம்.
"இன்னும் என்னைய சந்தா கேக்குறாங்க தம்பி.
பேரை எடுத்துவிடுங்க."

எடுக்க முடியாது என்று தொடங்கி
எப்படி முடியும் என்பதில் வந்து நின்றேன்:
இவர் ஒருவரை எடுக்க
மீதி எல்லோருக்கும் இடம் மாறும்.
அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை.
"நடுவுல கெடக்குற போட்டை வெளிய எடுக்கணும்னா
எல்லாக் கயிறையும் அவுக்கத்தான வேணும்."

எழுநூற்று நாற்பத்திரண்டு.
இந்த முறை மூன்றாவது விதையிலேயே அமைந்தது.
பழைய கோப்பின் மேல் புதியதை
ஒரே அசைவில் பேர்மாற்றி வைத்தேன்.
அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து
மாட்டுவதற்குள் முடிந்தது.

"என் நம்பரைப் போடுங்க."
போட்டேன்.
இல்லை.
"இன்னொருக்கா."
இல்லை.

திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.
அந்த எண் இப்போதும்
ஓர் இடத்தைக் கைகாட்டத்தான் செய்கிறது.
அங்கே யார் படகு நிற்கிறது என்று
எனக்குத் தெரியும்.
அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.